மனச்சிதைவு நோய்: முதல் அறிகுறியிலிருந்து மீண்டு வரும் வரை, ஒரு முழுமையான வழிகாட்டி

"மகன் இரண்டு மாதமாக ஒரு மாதிரி இருக்கிறான், என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு தாய் வாய் திறந்தால் போதும், யோசனைகள் வந்து குவியும். நூல் கட்டுங்கோ, சாத்திரம் கேளுங்கோ, கொஞ்ச நாள் மாமா வீட்டில் கொண்டுபோய் விடுங்கோ, கலியாணம் செய்து வையுங்கோ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதை முதலில் செய்வது, எங்கே போவது, எவ்வளவு செலவாகும், எத்தனை காலம் பிடிக்கும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆள் கிடைக்காது.

அந்த வரிசையை இங்கே ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே கடப்போம். மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. வீட்டு ஆளைச் சுகப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம்: இந்த நோயில் காசு மருந்துக்குப் போவதில்லை. பிந்திப் போவதால்தான் போகிறது.

என்ன நோய் இது?

மனச்சிதைவு மூளையின் வேலையில் வரும் ஒரு நோய். கிளினிக்கில் இதை ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். உளப்பிளவு, உளச்சிதைவு என்றும் சொல்வதுண்டு. வெளியில் நடப்பது எது, தன் மூளை உண்டாக்குவது எது என்று பிரித்தறியும் திறன் இதில் குழம்பிவிடுகிறது.

உலகில் ஏறக்குறைய 2 கோடி 40 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022 இல் கணக்கிட்டது. 300 பேரில் ஒருவர். அந்தக் கணக்குப்படி 3,000 பேர் வாழும் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கலாம். ஆகவே இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். ஆண்களுக்குச் சற்று முந்தியும் பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும் வரும்.

2005 இல் 'அந்நியன்' படம் வந்த பிறகு, ஒரே ஆள் வேறு வேறு ஆட்களாக மாறுவதுதான் இந்த நோய் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அது வேறு சங்கதி. மனச்சிதைவு உள்ளவர் வேறொருவராக மாறுவதில்லை.

எப்படிக் கண்டுகொள்வது?

அறிகுறிகளை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, இல்லாதது இருப்பதாகத் தோன்றுவது. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். அந்தக் குரல் திட்டும், கட்டளையிடும், சில வேளை இரண்டு குரல்கள் அவரைப் பற்றியே தமக்குள் கதைக்கும். யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், தன் எண்ணம் ஊருக்கெல்லாம் கேட்கிறது, தொலைக்காட்சியில் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று உறுதியாக நம்புவார்.

இரண்டாவது, இருந்தது குறைந்துபோவது. குளிக்க மாட்டார், சிநேகிதரைப் பார்க்க மாட்டார், முகத்தில் சிரிப்போ அழுகையோ இருக்காது. இதைத்தான் வீட்டில் 'சோம்பல்', 'கொழுப்பு' என்று ஏசுவோம்.

மூன்றாவது, பேச்சும் நினைப்பும் தடம் மாறுவது. ஒன்றைக் கேட்டால் வேறொன்று சொல்வார். படிப்பிலும் வேலையிலும் மனம் நிற்காது.

ஒரு பெடியனை எடுத்துக்கொள்வோம். உயர்தரம் படிக்கிறவன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் நடக்கிறான். போனின் பின்மூடியைக் கழற்றி பற்றரியை வெளியில் வைக்கிறான். தாய் சோறு போட்டுக் கொடுத்தால் கோப்பையைத் தள்ளி, "முதல்ல நீங்கள் ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்கிறான். தாய்க்கு முதலில் அது பாசமாகத் தெரிகிறது. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று அவன் நம்புவது நாலாம் நாள்தான் விளங்குகிறது.

இந்த மாதிரி மாற்றம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். நித்திரை குலைவதுதான் பல பேருக்கு முதல் மணி. அதைக் கவனிப்போம்.

எது இந்த நோய் இல்லை?

வன்னியில் இந்தக் கேள்வி மிக முக்கியம். 2009 வரை போரில் இந்த மண் பட்டதை வைத்துப் பார்த்தால், எல்லா வேதனையையும் ஒரே பெயரில் அடைக்க முடியாது.

காணாமல் ஆக்கப்பட்ட மகனின் குரல் வாசலில் கேட்டது போல இருந்தது என்று ஒரு தாய் சொன்னால், அது துயரத்தின் குரலாக இருக்கலாம். ஷெல் அடித்த நாள் கனவில் வந்து திடுக்கிட்டு எழுவதும், பட்டாசு வெடித்தால் பதுங்குவதும் போர் தந்த மனவடுவின் அறிகுறிகள். அவற்றுக்கும் உதவி உண்டு, ஆனால் மருத்துவம் வேறு.

"என்னைப் பின்தொடர்கிறார்கள்" என்பதையும் நம் ஊரில் நிதானமாகவே கேட்க வேண்டும். உண்மையாகவே கண்காணிக்கப்பட்ட மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே மருத்துவர் அந்த ஒரு வசனத்தை வைத்து முடிவெடுக்க மாட்டார். அந்தப் பயம் மற்ற எல்லாவற்றுக்கும் பரவியிருக்கிறதா, காகமும் மின்விசிறியும் கூடச் செய்தி சொல்கின்றனவா, குரல் கேட்கிறதா, தன்னைக் கவனிப்பது குறைந்துவிட்டதா என்று சேர்த்துத்தான் பார்ப்பார். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு திடீரெனப் பிதற்றினால், வலிப்பு வந்தால், தலையில் அடிபட்ட பிறகு குழம்பினால் அன்றைக்கே வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுபோவோம். மூளைக் காய்ச்சலும் தைரொயிட் கோளாறும் மனநோய் போலவே வேடம் போடும். 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளும் சில நாளில் இதே அறிகுறிகளை உண்டாக்கும். அந்தப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்வோம்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. பல காரணங்கள் சேர்ந்துதான் நோயாகிறது.

பரம்பரை ஒரு பங்கு. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100 இல் ஏறக்குறைய 10. ஆக, 90 பேருக்கு வருவதில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். பரம்பரை மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தாய் வயிற்றில் இருக்கும்போது ஊட்டக்குறைவு, பிரசவச் சிக்கல், சிறுவயதில் பட்ட கொடுமை, இளவயதில் கஞ்சா ஆகியவை ஆபத்தைக் கூட்டும். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற இரசாயனம் சில இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்வது குரலோடும் சந்தேகத்தோடும் தொடர்புடையது. மருந்து பிடிப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

போர் காரணமா? போரைக் கண்ட எல்லோருக்கும் இது வரவில்லை. இடம்பெயர்வும் இழப்பும் பயமும், ஏற்கெனவே வரக்கூடிய நிலையில் இருந்தவர்களைத் தள்ளிவிட்டிருக்கலாம். மருந்தில் நன்றாக இருந்தவர்களுக்கு இடம்பெயர்வில் மருந்து அறுந்து நோய் திரும்பியதும் உண்டு.

காரணமல்லாதவற்றையும் சொல்லிவிடுவோம். தாயின் வளர்ப்பு காரணம் இல்லை. செய்வினை காரணம் இல்லை. காதல் முறிந்ததும் பரீட்சையில் கோட்டை விட்டதும் நோயைக் கிளப்பிவிடலாம், தனியாக உண்டாக்க மாட்டா.

முதல் படி: எங்கே போவது?

பெரிய வைத்தியசாலையைத் தேடி ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே முதல் வாசல். ஒட்டுசுட்டானில் இருப்பவர்கள் அங்குள்ள வைத்தியசாலையிலேயே கேட்கலாம். "மனநல கிளினிக் என்றைக்கு, எங்கே?" என்ற ஒரு கேள்வி போதும். கிளினிக் நாள் இடத்துக்கு இடம் மாறும், அதனால் கேட்டுக்கொண்டு போவதே நல்லது.

அங்கிருந்து ஏ34 வீதியில் பஸ் பிடித்தால் ஒரு பக்கம் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை. மறுபக்கம் மாங்குளம், அங்கே ஏ9 ஏறினால் கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பொது வைத்தியசாலைகள், யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு வடக்கில் பல வருட அனுபவம் உள்ள இடம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலும் மனநல சேவையைக் கைவிடாமல் நடத்தியது இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில்தான்.

ஆள் வர மறுத்தால்? பலர் மறுப்பார்கள், தனக்கு நோய் என்று தெரியாததே இந்த நோயின் ஒரு குணம். "உனக்கு விசர், வா" என்று இழுத்தால் வர மாட்டார். "நித்திரையே இல்லாமல் கஷ்டப்படுகிறாய், அதுக்கு மருந்து எடுப்பம்" என்று அவர் ஒப்புக்கொள்ளும் ஒரு உண்மையிலிருந்து தொடங்குவோம். அப்படியும் முடியாவிட்டால் வீட்டார் மட்டும் கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லலாம். சமூக மனநலப் பணியாளர்கள் உள்ள இடங்களில் அவர்கள் வீடு தேடி வந்து பார்ப்பதும் உண்டு.

முதல் நாள்: என்ன கொண்டுபோவது, என்ன நடக்கும்?

ஒரு கொப்பியில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்வோம்: மாற்றம் எப்போது தொடங்கியது, நித்திரையும் சாப்பாடும் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா, இப்போது என்ன மருந்து எடுக்கிறார். நாட்டுமருந்து, கசிப்பு, கஞ்சா எல்லாம் இதில் அடங்கும். மருத்துவர் முன்னால் இருந்தவுடன் பாதி மறந்துபோகும், அதற்குத்தான் கொப்பி.

அடையாள அட்டையும் பழைய மருந்துத் துண்டுகளும் கொண்டுபோவோம். உடம்பிலோ தலையிலோ ஷெல் துண்டு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். தலைக்காயம் நோயைப் புரிந்துகொள்ள உதவும். எம்ஆர்ஐ ஸ்கான் எடுப்பதாக இருந்தால், உடம்பில் உலோகம் இருப்பது ஆபத்து.

மருத்துவர் அவரிடம் தனியாகவும் வீட்டாரிடம் தனியாகவும் கதைப்பார். இரத்தப் பரிசோதனை எழுதலாம். இந்த நோயை நேராகக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. அவை வேறு நோய்கள் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். முதல் நாளே 'இதுதான் நோய்' என்று பெயர் சொல்லாமல் விடவும் கூடும். அறிகுறிகள் எவ்வளவு காலம் நீடிக்கின்றன என்று பார்த்தே பெயர் வைப்பார்கள். பெயர் வராவிட்டாலும் மருத்துவம் தொடங்கிவிடும்.

மருந்து: எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு காலம்?

1952 இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை இந்த நோய்க்கு அடைத்து வைப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பிறகு ஹலோபெரிடோல், அதற்கும் பிறகு ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் என்று வரிசையாக வந்தன. எந்த மருந்து, எந்த அளவு என்பது மருத்துவரின் வேலை. நாம் அறிந்திருக்க வேண்டியது கால அட்டவணையை.

முதல் சில நாளில் நித்திரை வரும், படபடப்புக் குறையும். குரலும் சந்தேகமும் அடங்க இரண்டு கிழமை முதல் ஆறு கிழமை வரை எடுக்கலாம். ஒதுங்கியிருப்பதும் ஊக்கமின்மையும் மெல்லத்தான் போகும், மாதக் கணக்காகும். "பத்து நாளாச்சு, ஒன்றும் தெரியவில்லை" என்று நாமே கைவிட்டுவிடக் கூடாது.

முதல் தடவை நோய் வந்தவருக்குச் சுகமான பிறகும் குறைந்தது ஓரிரு வருடம் மருந்து தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவருக்கு ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். சலரோகக்காரர் சீனி அளவு சரியானதும் குளிசையை எறிந்துவிடுவதில்லை, இதுவும் அப்படித்தான். முதல் தடவை நோய் கண்டு தேறியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது.

தினமும் குளிசை விழுங்குவது கஷ்டம் என்றால் ஊசி இருக்கிறது. ஃபுளூபெனசின் போன்ற ஊசியை இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை போடுவார்கள். குளிசையை நாக்குக்கு அடியில் ஒளித்து, வாய் கொப்பளிக்கிற சாட்டில் கிளுவை வேலியோரம் துப்பிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதைக் கண்டால் சண்டை பிடிக்க வேண்டாம், கிளினிக்கில் ஊசி பற்றிக் கேட்போம்.

இரண்டு மருந்துகள் சரியான அளவில், சரியான காலம் கொடுத்தும் சரிவரவில்லை என்றால் குளோசபின் என்ற மருந்தைத் தொடங்குவார்கள். மற்ற மருந்துகள் தோற்ற இடத்தில் வேலை செய்யும் மருந்து இது. ஆனால் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். அதனால் முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்க வேண்டும். இந்த மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

'கரண்ட் பிடிப்பது' என்று ஊரில் பயப்படும் மின்சிகிச்சை, இப்போது மயக்கமருந்து கொடுத்து, தேவையானவர்களுக்கு மட்டும் செய்யப்படுகிறது.

பக்கவிளைவு வந்தால்?

வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயமில்லை. கை நடுக்கம், உடம்பு இறுக்கம், வாயில் வீணீர், நித்திரைத் தூக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத அந்தரம், உடம்பு போடுதல் ஆகியவை பொதுவானவை. பெரும்பாலானவற்றை அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம்.

கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், கண் மேலே செருகினால் உடனே வைத்தியசாலைக்குப் போவோம், ஓர் ஊசியில் சரியாகும். கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக இறுகி மயக்கமும் வந்தால் அது உயிர் ஆபத்து, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

உடம்பு கூடுவதைச் சாதாரணமாக விட வேண்டாம். சில மருந்துகள் சீனியையும் கொழுப்பையும் கூட்டும். நிறை பார்ப்பதும் சீனி சோதிப்பதும் கிளினிக் வழக்கத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு செலவாகும்?

பலர் தயங்குவது இந்த இடத்தில்தான், ஆகவே விபரமாகப் பார்ப்போம்.

அரச வைத்தியசாலையில் மருத்துவரைப் பார்க்கக் காசு இல்லை. குளிசைக்கும் ஊசிக்கும் காசு இல்லை. வாட்டில் தங்கினாலும் காசு இல்லை. நம் கையிலிருந்து போவது இரண்டு பேரின் பஸ் காசும் அன்றைய நாள் கூலியும்தான். நோயாளியும் துணைக்கு ஒருவரும் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் போடுவோம். நிலை சீரான பிறகு கிளினிக் திகதிகளின் இடைவெளி கூடலாம். வயல் விதைப்பு, அறுவடைக் காலத்தில் திகதி முட்டிக்கொண்டால் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளலாம். போகாமல் விடுவதை விட அது எவ்வளவோ நல்லது.

2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். அப்படி வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் வெளியில் வாங்கச் சொன்னால், மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி வாங்குவோம். கம்பனிப் பெயரைச் சொன்னால் விலை ஏறும். அரச மருந்தகமான ஒசு சலவில் விலை கேட்டுப் பார்க்கலாம். எந்த நாளும் ஒரு கிழமைக்கான குளிசை வீட்டில் மேலதிகமாக இருக்கட்டும்.

தனியார் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் மருத்துவருக்கான கட்டணமும் மருந்துக் காசும் சேரும். ஓரிரு தடவைக்கு அது தாங்கும். வருடக் கணக்கில் ஓடும் மருத்துவத்துக்குத் தாங்காது. காணி ஈடு வைத்துக் கொழும்புக்குப் போய்விட்டு, ஆறு மாதத்தில் காசு முடிய மருந்தை நிறுத்துவதை விட, பக்கத்துக் கிளினிக்கில் தொடர்ந்து எடுப்பதே பலன் தரும்.

வேலை செய்ய முடியாத நிலை நீடித்தால் விதானையாரையும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்ப்போம். குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க மருத்துவ அறிக்கை வேண்டும். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருப்பது அங்கேயும் உதவும்.

வீட்டில் நம் வேலை என்ன?

1950களில் இலண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். வைத்தியசாலையிலிருந்து சுகமாகி வீடு போனவர்களில், ஓயாத ஏச்சும் குறைசொல்லலும் உள்ள வீட்டுக்குப் போனவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியது. பிறகு சண்டிகரில் இதே விஷயத்தை ஆராய்ந்தபோது, இலண்டனை விட அங்குள்ள குடும்பங்களில் ஏச்சுக் குறைவாக இருந்தது. ஆகவே வீட்டின் தொனியும் மருந்தில் ஒரு பங்கு.

குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் "அப்படி ஒன்றும் இல்லை, நடிக்காதே" என்று வாதாட வேண்டாம். "ஓம், எனக்கும் கேட்குது" என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உனக்குப் பயமாக இருக்கு, அது விளங்குது" என்பது போதும்.

அறிவுரையைச் சிறு வசனங்களில், ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்வோம். நாளுக்கு ஒரு ஒழுங்கு வைப்போம்: எழும்ப ஒரு நேரம், குளிக்க ஒரு நேரம், மருந்துக்கு ஒரு நேரம். சின்ன வேலை ஒன்று கொடுப்போம். கோழிக்குத் தீன் போடுவதும் கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் விடுவதும் நல்ல தொடக்கம். செய்ததைப் பார்த்தோம் என்று காட்டுவோம்.

கவனிப்பவருக்கும் ஓய்வு வேண்டும். தாய் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் இரண்டு நோயாளிகள் ஆவார்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வேலையை அண்ணனும் மச்சானும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளட்டும்.

கோயிலா, கிளினிக்கா?

இரண்டும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்கு அருச்சனை செய்வதையும் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதையும் எந்த மருத்துவரும் தடுக்கப்போவதில்லை. வீட்டாரின் மனதுக்கு அது தைரியம். ஒரே நிபந்தனை: குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது, கிளினிக் திகதி பிந்தக் கூடாது.

அடித்துப் பேயோட்டுவது, பட்டினி போடுவது, சங்கிலியில் கட்டுவது மூன்றும் கூடவே கூடாது. தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களில் பலர் சுகம் தேடி அந்த ஊரை நம்பிப் போன குடும்பங்கள்தான்.

அவசரம் வந்தால் என்ன செய்வது?

தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தப் போகிறார், நாள் கணக்காகச் சாப்பாடும் தண்ணீரும் இல்லை, குரல் சாகச் சொல்கிறது என்கிறார். இப்படியானால் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம்.

1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம், அங்கே ஆலோசனை கேட்கலாம். ஆள் கோபத்தில் இருந்தால் கூட்டம் கூட விடாமல், அவருக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் கதைப்போம். அவர் வெளியேறும் வழியை மறித்து நிற்க வேண்டாம்.

இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். ஆகவே பயிருக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் வைக்காமல், பூட்டிய பெட்டியில் வைத்துத் திறப்பை வேறொருவர் வைத்திருக்கட்டும். "சாக வேணும் போல இருக்கா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டால்தான் காப்பாற்ற முடியும். பொலிஸ் வழக்கு வரும் என்று மறைக்கவும் வேண்டாம், 1998 முதல் இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றம் இல்லை.

கவனம்! இவற்றைத் தவிர்ப்போம்

சுகம் தெரிந்ததும் மருந்தை நாமாக நிறுத்துவது. நோய் திரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

சாப்பாட்டில் மருந்தைக் களவாகக் கலப்பது. சோற்றில் ஏதோ இருக்கிறது என்று நம்புகிறவர் ஒரு நாள் அதைக் கண்டுபிடித்தால், நம்மை மறுபடி நம்ப மாட்டார்.

ஒருவரின் குளிசையை இன்னொருவருக்குக் கொடுப்பது. கசிப்பையும் கஞ்சாவையும் மருந்தோடு சேர்த்து எடுப்பது.

"கலியாணம் செய்து வைத்தால் சரியாகும்" என்று நோயை மறைத்துப் பெண்ணோ மாப்பிள்ளையோ எடுப்பது. கலியாணம் மருந்து இல்லை. நிலை சீரான பிறகு, மறைக்காமல் சொல்லி, இரு பக்கமும் விரும்பிச் செய்தால் நன்றாக வாழலாம். பிள்ளை பெற எண்ணும் பெண்கள் மருந்தை நிறுத்தாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் போதும்.

'விசரன்' என்ற பட்டம். நோயுள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களால் அடிவாங்குவதும் ஏமாற்றப்படுவதும்தான் அதிகம்.

பிறகு என்ன? எவ்வளவு தூரம் மீளலாம்?

குறைந்தது மூன்றில் ஒருவர் முழுமையாக மீள முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னும் பலர் மருந்தோடு வேலை, குடும்பம் என்று வாழ்கிறார்கள். நான்சி வக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கையில் இந்த நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து, 1979 இல் முடிவை வெளியிட்டார். பணக்கார நாடுகளில் எதிர்பார்த்ததை விட இங்கே பலர் நன்றாக மீண்டிருந்தார்கள். குடும்பம் ஆளை ஒதுக்காமல் மறுபடி சேர்த்துக்கொண்டதை அவர் ஒரு காரணமாகக் கண்டார்.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984 இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் மருந்தோடு நிற்கவில்லை. தொழிற்பயிற்சியும் குடும்பங்களுக்கான வழிகாட்டலும் அதன் மருத்துவத்தின் பகுதியாகவே இருக்கின்றன. அதே வழியில் நம் வீட்டிலும் போகலாம். முதல் மூன்று மாதம் நித்திரையும் மருந்தும். அடுத்து வீட்டு வேலை. பிறகு அரைநாள் தோட்டவேலையோ கடைவேலையோ படிப்போ. நோய் திரும்பும் அறிகுறி ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். நித்திரை குறைவதோ தனியே சிரிப்பதோ சந்தேகமோ, எதுவானாலும் அதை அவரும் நாமும் சேர்ந்து எழுதி வைப்போம். அது தலை காட்டியவுடன் கிளினிக்குக்குப் போனால் பெரிய வீழ்ச்சியைத் தடுக்கலாம்.

இதை வாசிக்கும்போது யாரோ ஒருவரின் முகம் உங்கள் மனதில் வந்திருந்தால், ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கே பக்கத்து வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போக்குவரத்து இல்லையென்றால் 1926 இற்கு அழையுங்கள். மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், தெரியாமை காரணமாக ஒரு பிள்ளையின் இளமை வீணாகக் கூடாது.